பயறு விட்ட வாலில் எது வேர், எது தண்டு?

பச்சைப்பயறை ஊறவைத்துத் துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் வெளிவரும் வெள்ளை வால் வேரா, தண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளின் பாடத்தில் ‘முளைவேர் கீழே போகும், முளைக்குருத்து மேலே வரும்’ என்ற இரண்டு வரிக்கு மேல் இல்லை என்றும், விதையைத் தலைகீழாக ஊன்றினால் என்ன ஆகும் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். துணிமுடிப்புக்குள் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. வால்கள் எல்லாப் பக்கமும் சுருண்டு கிடக்கும். ஆகவே திசையைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சுருக்கமான விடை. வாலின் நுனி வேர். இரண்டு மூன்று நாளில் நீண்டு தடிக்கும் மீதிப் பகுதி வேரும் அல்ல, முளைக்குருத்தும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தண்டு. முளைக்குருத்து அப்போதும் இரண்டு பருப்புக்கும் இடையில் மடிந்துதான் கிடக்கிறது. பாடநூல் இந்த நடுப்பகுதியை விட்டுவிடுவதால்தான் குழப்பமே வருகிறது.

விதைப் பரிசோதனை நிலையத்தில் நாற்றுகளை எண்ணியே பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். நெல், பயறு வகைகள், நிலக்கடலை, எள், காய்கறி விதைகள், இவை கையால் தொட்டுப் பழகியவை. காட்டு மரங்கள், ஆர்க்கிட் போன்றவற்றைப் பற்றிப் படித்ததைத்தான் சொல்ல முடியும். அந்த இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பச்சை நிலக்கடலைப் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வறுத்தது வேண்டாம். சிவப்புத் தோலை நீக்கி, இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதியின் முனையில் சிறு மூக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பலர் கசக்கிறது என்று கிள்ளி எறிகிற பகுதி அது. அதுதான் செடி. இரண்டு பருப்புகளும் அதற்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. வித்திலைகள் என்று பாடத்தில் வரும். மூக்கின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மழுங்கிய முனை முளைவேர். உள்ளே, பருப்புகளுக்கு நடுவே பதுங்கியிருக்கும் முனையைக் கைலென்ஸில் பாருங்கள். மடித்து வைத்த பொடி இலைகள் தெரியும். விதை காய்ந்து கிடக்கும்போதே அங்கே இலைகள் உருவாகிவிட்டன. அது முளைக்குருத்து. எதிர்முனையில் எவ்வளவு தேடினாலும் இலையின் அடையாளம் கிடைக்காது. முதல் வித்தியாசம் இதுதான்: குருத்து என்பது இலைகளைச் சுமந்த மொட்டு, வேர் மொட்டையான குச்சி.

அடுத்த வித்தியாசத்துக்கு மொச்சைதான் வசதி. இரவு முழுதும் ஊறிய மொச்சையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, விரலிடுக்கில் வைத்து மெல்ல அழுத்துங்கள். காய்த்தோலோடு ஒட்டியிருந்த தழும்பின் ஓரத்திலிருந்து ஒரு துளி நீர் கசியும். அங்கே கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத துளை ஒன்று உண்டு. பூவாக இருந்தபோது மகரந்தக் குழாய் பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான் சூலுக்குள் நுழைகிறது. முளைவேரின் நுனி எப்போதும் அந்தத் துளையைப் பார்த்தபடியே இருக்கும். கருவுற்ற முட்டை முதல் முறை இரண்டாகப் பிரியும்போதே ஒரு செல் துளைப் பக்கமும் மற்றொன்று உட்பக்கமும் அமைகின்றன. வேர் எந்தப் பக்கம், குருத்து எந்தப் பக்கம் என்பது அந்தப் பிரிவிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மண்ணும் தண்ணீரும் அதற்கு வெகுகாலம் கழித்து வருகிறவை. முளைத்த பிறகு திசை மாறலாம். வேர்முனை குருத்து முனையாக மாறுவதில்லை.

இப்போது உங்கள் பயறுக்கு வருகிறேன். மறுநாள் காலை எட்டிப் பார்க்கும் குட்டி வாலில் கூர்ந்த நுனி முளைவேர்தான். அதற்கு மேலே, பருப்பு ஒட்டியிருக்கும் இடம் வரைக்கும் உள்ளதை வித்திலைக் கீழ்த்தண்டு என்பார்கள். வித்திலைக்கு மேலே, முதல் இலை வரைக்கும் உள்ளது மேல்தண்டு. உணவகங்களில் நூடுல்ஸில் நீளமாக, வெள்ளையாக, கடித்தால் நறுக்கென்று உடையும் பயறு முளையைப் போடுகிறார்களே, அதில் தடித்த பகுதி முழுவதும் கீழ்த்தண்டு. அடியில் நூல்போல் தொங்கும் மெல்லிய வால் மட்டுமே வேர். ‘வேரைத் தின்கிறோம்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தண்டைத்தான் தின்கிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முளையை ஈரத்துணியில் வைத்து ஓரிரு நாள் வெளிச்சம் படவிடுங்கள். கீழ்த்தண்டு பச்சையாகவோ ஊதா கலந்த பச்சையாகவோ மாறும். வேர் வெள்ளையாகவே நிற்கும். மற்றொன்று வேர்த்தூவி. நுனிக்குச் சற்றுப் பின்னால் வெண்பஞ்சு போன்ற மெல்லிய ரோமம் வளர்ந்திருந்தால் அந்த இடம் வேர் என்பது உறுதி. வேரின் தோல் செல்களே நீண்டு அப்படி ஆகின்றன. பயறின் கீழ்த்தண்டில் அந்தப் பஞ்சு வருவதில்லை. இதைப் பூஞ்சணம் என்று நினைத்து முளைகட்டிய பயறை மொத்தமாகக் குப்பையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர்த்தூவி நனைந்து ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். பூஞ்சணம் ஒரே இடத்தில் நிற்காமல் பருப்பின் மேலும் படரும், வாடையும் அடிக்கும். வாடை இருந்தால் ஆராய்ச்சி செய்யாமல் கொட்டிவிடுங்கள்.

மகளுக்குக் காட்ட இன்னும் அழகான சோதனை ஒன்று இருக்கிறது. மொச்சை வேர் ஓரங்குலம் நீண்டதும், நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக மையால் கோடு போடுங்கள். பேனா கூடாது, மையில் நனைத்த நூலைத் தொட்டு எடுத்தால் போதும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் நுனிக்கு அடுத்த சில கோடுகள் மட்டும் விலகி நீண்டிருக்கும், மேலே உள்ளவை போட்டது போட்டபடி நிற்கும். தண்டில் இதே சோதனையைச் செய்தால் நீளும் பகுதி பல சென்டிமீட்டருக்குப் பரவியிருக்கும். காரணம் எளியது. மண்ணைத் துளைத்துப் போகிறவன் உடல் முழுதும் நீண்டால் நடுவில் மடிந்துபோவான்; நுனியை ஒட்டி மட்டும் நீண்டால்தான் ஆணிபோல் இறங்க முடியும். தண்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் இப்படிக் கோடு போட்டுத்தான் வளரும் பகுதியை அளந்தார். இன்றைக்கும் இதைவிட மலிவான சோதனை கிடையாது.

மண்ணைக் குடைவதால் வேருக்கு ஒரு தொப்பியும் தேவைப்படுகிறது. வேர்மூடி என்பார்கள். வெளிச் செல்கள் உராய்ந்து உதிர உதிர, உள்ளிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். குருத்துக்கு அப்படி மூடி இல்லை. அதற்குப் பதிலாகத் தலையைக் குனிந்துகொள்கிறது. அவரையோ பயறோ மண்ணைப் பிளந்து வரும்போது கொக்கிபோல் வளைந்த தண்டுதான் முதலில் தெரியும். மென்மையான இலைகள் பின்னால் இழுபட்டு வரும். வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்கிறது. கிளைக்கும் விதமும் வேறு. குருத்தில் இலையும் மொட்டும் மேற்பரப்பில் புடைத்து எழுகின்றன; வேரில் கிளைவேர் உள்ளிருந்து புறப்பட்டு, மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் நீர்க்குழாய்களின் அடுக்கும் வேறாக இருக்கும். அது மகளுக்கு மேல்வகுப்பில் வரும், இப்போது அவசரமில்லை.

பருப்பு மண்ணுக்கு மேலே வருகிறதா, உள்ளேயே தங்கிவிடுகிறதா என்பது எந்தத் தண்டு நீள்கிறது என்பதைப் பொறுத்தது. பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, அவரை, புளி, ஆமணக்கு இவற்றில் கீழ்த்தண்டு நீண்டு பருப்பையே தூக்கிக்கொண்டு வருகிறது. துவரை, கொண்டைக்கடலை, பட்டாணி, மா இவற்றில் மேல்தண்டு நீள்கிறது. பருப்பு மண்ணுக்குள்ளேயே கிடந்து கரைகிறது. நிலக்கடலை இரண்டுங்கெட்டான், பருப்பை மண்மட்டம் வரைக்கும் கொண்டுவந்து அங்கேயே விட்டுவிடும்.

இதில் விவசாயிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முளைத்த பயறை ஆடு பருப்புக்குக் கீழே கடித்துவிட்டால் அந்தச் செடி முடிந்தது. கீழ்த்தண்டில் மொட்டு கிடையாது. துவரையையோ பட்டாணியையோ மண்மட்டத்தில் கடித்தாலும், பருப்பின் கக்கத்தில் மண்ணுக்குள் மொட்டு பத்திரமாக இருப்பதால் மறுபடி துளிர்க்க வாய்ப்பு உண்டு. வேர் அறுந்தால் கதை தலைகீழ். பயறு நாற்றின் வேரை முழுக்க வெட்டிவிட்டு, கீழ்த்தண்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் சில நாளில் அந்தத் தண்டிலிருந்தே வேர்கள் கிளம்பும். ஆய்வகங்களில் வேர்விடத் தூண்டும் பொருள்களைச் சோதிக்கப் பச்சைப்பயறு நாற்றை விரும்பிப் பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம். நடுத்தண்டுக்கு வேரைப் புதிதாக உண்டாக்கத் தெரியும், குருத்தை உண்டாக்கப் பொதுவாகத் தெரியாது. ஆளி விதைச் செடி போலச் சில விதிவிலக்குகள் உண்டு. நம் பயறுகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வேர் வந்துவிட்டால் விதை முளைத்ததாகிவிடுமா? இதற்கு யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். தாவர உடலியல் படித்தவர்களுக்கு முளைவேர் தோலைக் கிழித்து வெளியே தலைகாட்டினால் முளைத்தல் முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பது நாற்று வளர்ச்சி. விதைப் பரிசோதனையில் அது போதாது. 400 விதைகளை ஈரத்தாளில் பரப்பி, குறித்த நாள் கழித்து, வேரும் குருத்தும் முறையாக வளர்ந்த நாற்றை மட்டுமே முளைத்ததாக எண்ணுவோம். வேர் நீளமாக இருந்து குருத்து கருகியிருந்தால் அது இயல்பற்ற நாற்று, கணக்கில் சேராது. சான்று விதைக்கு நெல்லில் 80 விழுக்காடு, பச்சைப்பயறு உளுந்தில் 75 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும் என்பது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். விவசாயிக்கு மண்ணுக்கு மேலே பச்சை தெரிந்தால்தான் முளைப்பு. மூன்று பேர் சொல்வதும் சரி. சண்டை வருவது ஒருவர் கணக்கை மற்றவர் எடுத்துக்கொள்ளும்போதுதான்.

அப்படி ஒரு சண்டை எங்கள் நிலையத்துக்கே வந்தது. ஒருவர் ஈரத்துண்டில் முளைத்த நிலக்கடலையை மடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். “பாருங்கள் ஐயா, வீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்திருக்கிறது. காட்டில் பாதிகூட வரவில்லை. மண்ணில் ஏதோ கோளாறு” என்றார். வேர்கள் உண்மையிலேயே கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றைப் பிளந்து காட்டினேன். பருப்புகளுக்கு நடுவே மஞ்சளாக இருக்க வேண்டிய குருத்து, அணைந்த திரிபோல் கறுத்திருந்தது. பத்துப் பருப்பைப் பிளந்ததில் நான்கு அப்படி. அவருக்குக் கோபம் போய் யோசனை வந்தது. முந்தைய பட்டத்தில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் போட்டாரா என்று கேட்டேன். விலை பார்த்து விட்டுவிட்டதாகச் சொன்னார்.

கடலையில் குருத்து கறுப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு நன்கு அறியப்பட்ட காரணம். நிலக்கடலைக் காய் மண்ணுக்குள் வளர்வதால் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியைச் செடியின் வேர் வழியாகப் பெறாமல், சுற்றியுள்ள மண்ணிலிருந்து காய்த்தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் விதைத்த 40, 45ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். அவருடைய விதைக்கு அது ஒன்றே காரணமா என்று கண்ணால் பார்த்து மட்டும் நான் சான்று எழுதிக் கொடுக்க மாட்டேன். ஈரத்தோடு மூட்டை கட்டிய விதையிலும் குருத்து கெடும். வேர் வந்தும் குருத்து செத்திருக்க முடியும் என்பது மட்டும் அவருடைய துண்டிலேயே இருந்தது.

இனி திசை. வேர் ஏன் கீழே, குருத்து ஏன் மேலே என்பதற்கு ஈரம், இருட்டு என்று நெடுங்காலம் பலவாறு சொல்லிவந்தார்கள். 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் தன் தோட்டத்து ஓடையில் சுழலும் சிறு சக்கரம் அமைத்து, அதன் விளிம்பில் அவரை விதைகளைக் கட்டி முளைக்க வைத்தார். செங்குத்தாகச் சுழன்ற சக்கரத்தில் வேர்கள் எல்லாம் வெளிநோக்கியும் குருத்துகள் எல்லாம் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. பிறகு சக்கரத்தைப் படுக்கையாக வைத்து நிமிடத்துக்கு 80 சுற்று சுழற்றியபோது வேர்கள் சரிவாக, ஏறத்தாழ 45 பாகையில் இறங்கின. அந்த அளவுள்ள சக்கரத்தில், அந்த வேகத்தில், வெளியே தள்ளும் விசையும் பூமியின் இழுப்பும் கிட்டத்தட்டச் சமம். முளை கேட்டு நடப்பது புவியீர்ப்புக்குத்தான் என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

அதை எங்கே உணர்கிறது என்பதும் பெரும்பாலும் தெளிவு. வேர்மூடியின் நடுச் செல்களில் கனமான மாவுமணிகள் இருக்கின்றன; வேரைச் சாய்த்தால் அவை சாய்ந்த பக்கம் போய்ப் படிகின்றன. மூடியை மட்டும் பக்குவமாக நீக்கிவிட்டால் மக்காச்சோள வேர் வளர்வதை நிறுத்துவதில்லை, கீழே திரும்ப மட்டும் மறந்துவிடுகிறது. புதிய மூடி வளர்ந்ததும் நினைவு வருகிறது. தண்டில் அதே வேலையைச் செய்யும் மாவுமணிகள் நுனியில் இல்லை, நீர்க்குழாய்களைச் சுற்றிய உறையில் நீளவாக்கில் இருக்கின்றன. அடுத்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. சாய்த்து வைத்த நாற்றில் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் வேரிலும் தண்டிலும் ஒரேபோல் அடிப்பக்கம்தான் அதிகமாகச் சேர்கிறது. அந்த அளவு ஆக்சின் தண்டின் செல்களை நீட்டிவிடுகிறது, வேரின் செல்களை நீளவிடாமல் தடுக்கிறது. அடிப்பக்கம் நீண்டால் தண்டு மேலே வளையும். அடிப்பக்கம் தேங்கினால் வேர் கீழே வளையும். பொருள் ஒன்றுதான், அதைப் புரிந்துகொள்ளும் விதம்தான் வேறு. மாவுமணி சாய்ந்த செய்தி செல்லுக்குள் ஆக்சின் ஓட்டத்தைத் திருப்புவது வரையிலான நடுக் கண்ணிகளில்தான் ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அங்கே யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

ஆகவே தலைகீழாக ஊன்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வேர் மேலே கிளம்பி, வளைந்து இறங்கும். குருத்து சுற்றிக்கொண்டு ஏறும். அந்தச் சுற்றுக்குச் சேமிப்பில் கொஞ்சம் செலவாகும், ஓரிரு நாள் தாமதமாகலாம். ஆழமாக ஊன்றிய சிறு விதையில் அந்தச் செலவே ஆளைக் கொன்றுவிடும். பூசணி, சுரை விதைகளில் வேர் வரும் பக்கம் கூர்முனைதான், அதனால் சிலர் கூர்முனையைக் கீழே வைத்து ஊன்றுகிறார்கள். நான் படுக்கையாகவே ஊன்றுகிறேன். கீழ்த்தண்டின் அடியில் ஒரு பக்கம் சிறு முளை போன்ற பிதுக்கம் தோன்றி, விதை ஓட்டின் அடிப்பாதியை மிதித்துக்கொள்ள, வித்திலைகள் உருவிக்கொண்டு வெளியே வருகின்றன. படுக்கையாகக் கிடக்கும் விதையில் அது ஒழுங்காகக் கீழ்ப்பக்கம் அமைகிறது.

‘வேர்தான் முதலில்’ என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. நெல்லைத் தண்ணீருக்கு அடியில் காற்றில்லாமல் முளைக்கவிட்டால் குருத்தைப் போர்த்திய உறை மட்டும் நீண்டு மேலே வரும், வேர் அசையாது. காற்று கிடைத்தால்தான் வேர். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்த பிறகு தண்ணீரை வடித்துச் சாக்கில் மூட்டம் போடுவதும், நாற்றங்காலில் விதைத்த மறுநாள் நீரை வடிப்பதும் இதற்காகத்தான். வடிக்காமல் விட்ட நாற்றங்காலில் குருத்து வெளுத்து நீண்டிருக்கும், வேர் பிடித்திருக்காது, ஒரு காற்றடித்தால் மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். அந்தக் குருத்துறை தனி இலையா, வித்திலையின் ஒரு பகுதியா என்ற தகராறு தாவரவியலில் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் நாற்றுக்கு ஒன்றுதான்.

பனங்கொட்டை இன்னும் விசித்திரம். அதிலிருந்து முதலில் வருவது வேரும் அல்ல, குருத்தும் அல்ல, வித்திலையின் காம்பு. குழாய்போல் நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறது, அதன் அடிமுனையில் வேரும் குருத்தும் சவாரி போகின்றன. ஆழத்தில் இடம் பிடித்த பிறகே வேர் கீழேயும் குருத்து மேலேயும் பிரிகின்றன. நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, பெயர்தான் கிழங்கு, வேர் அல்ல. குருத்தைப் பொதிந்த உறை மாவேறித் தடித்தது. உரித்துப் பிளந்தால் நடுவே மெல்லிய ஈர்க்குப்போல் ஒன்று வருமே, அதுதான் குருத்து. கொட்டைக்குள்ளேயே தங்கிப் பஞ்சுபோல் வீங்கும் வித்திலையின் மறுமுனையைத் தவண் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் தேங்காய்ப்பூவும் அதே உறுப்புதான். பிச்சாவரத்தில் படகில் போகும்போது சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய்போல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது காய் அல்ல, மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்றின் கீழ்த்தண்டு; உங்கள் பயறின் வெள்ளை வாலுக்குப் பெரியண்ணன். ஆர்க்கிட் விதையிலோ முளைவேர், முளைக்குருத்து என்ற பிரிவே உருவாகியிருக்காது என்று படித்திருக்கிறேன். பூஞ்சையின் துணையோடு முளைத்த பிறகுதான் பாகம் பிரிகிறது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று. முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதால் அது வெளிர்மஞ்சளாக, மெலிந்து, உயர்ந்து நிற்கிறது. வெளிச்சம் கிடைக்காத தண்டு, மண்ணுக்குள்ளேயே இருக்கிறோம் என்று எண்ணிச் சேமிப்பை முழுதும் உயரத்தில் செலவழிக்கிறது; இலையை விரிப்பதில்லை. வேருக்கு இருட்டுதான் வீடு, அதனிடம் அப்படிப்பட்ட கலக்கம் எதுவும் தெரியாது. ஒரே விதைகளை ஒரு சட்டியில் இருட்டிலும் மற்றொன்றில் வெளிச்சத்திலும் வைத்துப் பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால், மேலே உள்ளது இரு வேறு சாதிச் செடிபோல் இருக்கும்; கீழே அந்த அளவு வேறுபாடு இராது.

தேர்வுக்கு மகள் பாடத்தில் உள்ள இரண்டு வரியையே எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு மொச்சைகளைத் தழும்பு மேலே, கீழே, இடம், வலம் என்று வைக்கச் சொல்லுங்கள். அடியில் கால் டம்ளருக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் போதும், விதை மூழ்கக் கூடாது. வேர் இரண்டு விரற்கடை வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தாளை மட்டும் ஈரமாக வைத்து, இரவு படுக்கப் போகும்போது டம்ளரைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். காலையில் நான்கு வேரின் நுனிகளும் புதிய கீழ்ப்பக்கத்துக்குத் திரும்பியிருக்கும். அதே டம்ளரில் ஒரு வேரின் நுனியை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பிளேடால் சீவிவிட்டுச் சாய்த்திருந்தால், அது ஒன்று மட்டும் அன்று காலை திரும்பாமல் நேரே நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். சீவும் வேலையை நீங்கள் செய்யுங்கள், பிளேடை மகளிடம் கொடுக்க வேண்டாம்.